கடன் டியூட்டி

எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் யாராவது கடனைத் திருப்பித் தர வந்தால் எனக்குப் பயம் பிடித்துவிடும். காசுக் கடனைச் சொல்லவில்லை, டியூட்டிக் கடனைச் சொல்கிறேன்.

கண்டியிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் வாட்டில் நான் தாதியாக இருந்தேன். தாதிமாரை எல்லாரும் மிஸ் என்று கூப்பிடுவார்கள். வாட்டுக்குப் பொறுப்பானவர் மட்டும் சிஸ்டர். பண்டிகை வருகிறதென்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராமல் இருப்பதில்லை, ஆகவே எந்தப் பண்டிகைக்கும் வாட்டில் ஆள் நிற்க வேண்டும். இதற்கு எங்களுக்குள்ளே ஓர் ஏற்பாடு இருந்தது. புத்தர் பண்டிகையான வெசாக்குக்கு சிங்கள மிஸ்மார் வீட்டுக்குப் போவார்கள், தமிழ் பேசும் நாங்கள் நிற்போம். எங்கள் பொங்கலுக்கு அவர்கள் நிற்பார்கள். சித்திரைப் புத்தாண்டு மட்டும் தமிழருக்கும் சிங்களவருக்கும் ஒரே நாளில் வந்து தொலைக்கும். அது வருடா வருடம் கெலிஓயாக்காரியின் தலையில் விழும். அதற்குப் பதிலாக அவளுக்கு நாங்கள் எல்லாரும் கடன்பட்டுக் கிடப்போம். யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. யார் யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்பது அவரவர் மனதில் இருக்கும், மறந்ததாகச் சொன்னால் சண்டையும் வரும்.

கெலிஓயாக்காரி என்று நான் சொல்வது என் ஜோடியை. வாட்டிலும் அவளுக்கு ஊர்ப் பெயர்தான். முஸ்லிம் பிள்ளை, என்னைவிடச் சில வயது இளையவள், என்னை அக்கா என்பாள். அந்த வாட்டில் தமிழ் பேசுகிற மிஸ்மார் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. தேயிலைத் தோட்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார் வாசலில் நின்று எங்கள் இருவரில் ஒருத்தியின் முகம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். தெரிந்துவிட்டால் போதும். பிள்ளையின் இழுப்பு, பேதி, புருஷனின் குடி, மாமியாரின் வாய் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடுவார்கள்.

என் தீபாவளிக்கு அவள் நிற்பாள், அவளுடைய இரண்டு பெருநாளுக்கும் நான் நிற்பேன். இதில் நோன்புப் பெருநாள்தான் தொல்லை. பிறை தெரிந்தால்தான் பெருநாள். நாளைக்கா, நாளை மறுநாளா என்று முதல் நாள் பொழுது சாயும் வரை ஒருவருக்கும் தெரியாது. நான் இரண்டு நாளையும் காலியாக வைத்துக்கொண்டு, கண்டி மஹய்யாவவில் என் வீட்டில் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். ரேடியோவில் அறிவித்த கையோடு அவள் எடுப்பாள்.

"பிறை கண்டாச்சி அக்கா."

"நீ போ, நான் பாத்துக்கிறேன்."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அவள் ஏற்கனவே கெலிஓயாவில் தன் வீட்டில்தான் இருப்பாள். இருந்தாலும் நான் 'நீ போ' என்றுதான் சொல்வேன். பெருநாள் பின்னேரம் தேங்காய்ப்பால் இனிப்பு, வட்டிலாப்பம், ஒரு டப்பா நிறைய வாட்டுக்கு வந்துவிடும். வருடக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

முதல் அடி எங்கள் சிஸ்டருக்கு விழுந்தது. அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வுபெறும் வயதை நீட்டியிருந்தார்கள்; பிறகு திடீரென்று அறுபது என்றார்கள். வருட முடிவோடு அறுபது கடந்தவர்கள் எல்லாரும் வீட்டுக்கு. இன்னும் சில வருடம் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருந்த மனுஷி அவர். வாட்டு ஜன்னல்களுக்கு முயல் படம் போட்ட திரைத் துணி தைக்கக் கொடுத்திருந்தார். செய்தி வந்த அன்று மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ திரை?" என்று சிங்களத்தில் கேட்டார். நாட்டில் எத்தனையோ பேர் ஒரே நாளில் வீட்டுக்குப் போகிறார்கள், இவருக்குத் திரைதான் கவலையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நலன்புரிச் சங்கத்தார் வழக்கம்போல வெற்றிலை கொடுத்து, சுவர்க்கடிகாரம் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். நேரம் முடிந்து போகிறவருக்குக் கடிகாரம் கொடுக்க எந்தப் புண்ணியவான் முதலில் யோசித்தானோ தெரியவில்லை.

அவருடைய இடத்துக்கு ஆள் வரவில்லை. என்னைப் பதில் பொறுப்பு என்று உட்கார வைத்தார்கள். சம்பளம் அதேதான், திட்டு மட்டும் இரண்டு மடங்கு.

அதன் பிறகு ஒவ்வொருவராகக் காணாமல் போக ஆரம்பித்தார்கள். காணாமல் போனார்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். வெளிநாடு போகிறவர்கள் போய்ச் சேரும் வரை வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னால் கண்ணூறு பட்டுவிடும், லீவை நிறுத்திவிடுவார்கள், யாராவது மொட்டைக் கடுதாசி போடுவார்கள் என்று எல்லாப் பயமும் உண்டு. வெள்ளிக்கிழமை எங்களோடு பிளேன்டீ குடித்துவிட்டு, திங்கட்கிழமை சந்திப்போம் என்று சொல்லிப்போன, பிள்ளைகளைப் பார்க்கும் டொக்டர் திங்கட்கிழமை அவுஸ்திரேலியாவில் இருந்தார். அவருடைய கிளினிக்குக்கு வந்த தாய்மார் மத்தியானம் வரை வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். டொக்டர் வர மாட்டார் என்று அவர்களுக்குச் சொல்லப் போனவள் நான். எனக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது.

அடுத்தது எங்கள் மிஸ்மாரில் ஒருத்தி. டியூட்டிக் கடன் வாங்குவதில் ராணி. எல்லாரிடமும் பாக்கி வைத்திருந்தவள் திடீரென்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உங்க நாளை நான் பாக்கிறேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள். நல்ல புத்தி வந்துவிட்டதே என்று நாங்கள் பாராட்டினோம், நான் கட்லட் கூட வாங்கிக் கொடுத்தேன். எல்லார் பாக்கியையும் தீர்த்தாள், ஆளும் போய்விட்டாள். டுபாயாம். அதற்குப் பிறகு இன்னொருத்தியும் அதே மாதிரி, கடனை ஒழுங்காக அடைத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கடன் அடைக்கிறவள் போகப்போகிறாள். அன்றிலிருந்து வாட்டில் தலைகீழ் நியாயம். யாராவது "உங்களுக்கு ஒரு நாள் தரணும்" என்று வாயெடுத்தால், "வேணாம் தாயே, கடனாவே இருக்கட்டும்" என்று கையெடுத்துக் கும்பிடுவோம். பாக்கி வைத்திருப்பவள் நம்பிக்கையானவள் என்று ஆகிவிட்டது.

பெரிய டொக்டர், ஆஸ்பத்திரிக்கே பொறுப்பானவர், ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். நோயாளர் கணக்குச் சொல்ல கெலிஓயாக்காரியும் என்னோடு வந்திருந்தாள். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியபடி பேசினார். கொழும்புக்கு எழுதி எழுதி ஆள் கேட்டு அலுத்துவிட்டது, புதிதாக யாரும் வரப்போவதில்லை, இன்னும் ஒரு மிஸ் குறைந்தால் பிள்ளைகள் வாட்டை மூடிவிட்டு எல்லாரையும் கண்டிக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரே இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் தோட்டத்துத் தாய் ஒருத்தி பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்டிக்குப் போகச் சொன்னால் போவாயா என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "இங்க வரவே ரெண்டு பஸ்ஸு மிஸ். கண்டிக்குன்னா, வூட்லயே வச்சு கைவைத்தியம் பாத்துக்குவோம்" என்றாள். இழுப்பு வந்த பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு மிஸ் கூடக் குறையக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று அன்று முடிவெடுத்தேன்.

பார்க்கத் தொடங்கிய சில நாளிலேயே ஒருத்தி கண்ணில் பட்டாள். கடுகண்ணாவையிலிருந்து ரயிலில் வந்து போகிற சிங்களப் பிள்ளை, வாட்டிலேயே இளையவள். அவள் மெல்ல மெல்லத் தன் பாக்கியைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. கெலிஓயாக்காரியிடம்தான் சொன்னேன்.

"நானும் பாத்தேன் அக்கா. அந்தப் புள்ளயில ஒரு கண் வச்சிக்கொள்ளுங்க" என்றாள் அவள்.

ஒரு கண் என்ன, இரண்டு கண்ணையும் வைத்தேன். அவள் கேட்ட நாளெல்லாம் ஓஃப் கொடுத்தேன். ரயில் பிந்தினால் வாயே திறக்கவில்லை. வீட்டில் செய்த தோசையைக் கட்டிக்கொண்டு போனேன். வெளிநாட்டில் தாதிமார் படும் பாட்டை, குளிரை, தனிமையை, நானே போய்ப் பார்த்து வந்தவள் மாதிரி அவள் காதுபட விவரித்தேன். பாவம், அந்தப் பிள்ளை ஏன் இந்த சிஸ்டர் எந்நேரமும் பனியைப் பற்றிப் பேசுகிறாள் என்று விழித்தாள். கெலிஓயாக்காரி மருந்து அலுமாரிப் பக்கம் திரும்பி நின்று சிரிப்பை அடக்குவாள்.

கெலிஓயாக்காரி மேல் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? அவள்தான் எனக்குக் கடன் மேல் கடன் பட்டுக்கொண்டிருந்தாளே. "அக்கா, உம்மாக்கு சொகமில்ல, நாளைக்கி பாத்துக்கொள்ளுவீங்களா?" என்பாள். அடுத்த வாரம் உம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பாள். நான் ஒவ்வொரு முறையும் நீ போ, நான் பாத்துக்கிறேன் என்றேன். முழங்கால் வீங்க வீங்க அவளுடைய டியூட்டியையும் சேர்த்துப் பார்த்தேன். இவ்வளவு பாக்கி வைத்திருப்பவள் எங்கே போகப்போகிறாள் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு. "தீபாவளிக்கு நான் வருவேன் அக்கா, நீங்க நல்லா எண்ணெ தேச்சிக் குளிங்க" என்று கடைசியாகச் சொன்னாள். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் கடுகண்ணாவைப் பிள்ளை வெற்றிலையோடு என் மேசைக்கு வந்தாள். போய்வருகிறேன் என்று சொல்ல வந்துவிட்டாள் என்றே நினைத்தேன். கல்யாண அழைப்பு. மாப்பிள்ளை கடுகண்ணாவைச் சந்தியில் டயர்க் கடை வைத்திருக்கிறாராம். கல்யாணத்துக்குப் பிறகு யாருக்கும் பாக்கி இருக்கக் கூடாது என்று அம்மா சொன்னதால் எல்லாவற்றையும் தீர்த்தாளாம். நான் அவளைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தேன். வெளிநாடு போக மாட்டாயே என்று சிங்களத்தில் கேட்டேன். "டயர்க் கடையை விட்டுட்டா சிஸ்டர்?" என்று சிரித்தாள். அன்று மத்தியானம் நல்ல செய்தியைச் சொல்ல கெலிஓயாக்காரிக்கு ஃபோன் எடுத்தேன், கிடைக்கவில்லை. அவளுக்கு அன்று ஓஃப். உம்மாவோடு எங்காவது போயிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

தீபாவளி விடிந்தது. உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காயைக் கரைத்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. வாட்டிலிருந்து கடுகண்ணாவைப் பிள்ளை.

"சிஸ்டர், கெலிஓயா மிஸ் வரல்ல. நான் தனியா நிக்கிறேன். ஒரு பிள்ளைக்கு மூச்சு கஷ்டமா இருக்கு."

அவள் ஒரு நாளும் பிந்தி வந்தவள் இல்லை. எனக்கு முதலில் தோன்றியது பஸ் விபத்துதான். சாமி படத்துக்கு முன்னால் ஏற்றின விளக்கைப் பார்த்து, அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொன்னேன். எண்ணெய்த் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு, பழைய சாரி ஒன்றைக் கட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன். தெருவெல்லாம் வெடிச் சத்தம். ஓட்டோக்காரப் பையன் நம்ம ஆள், தீபாவளியும் அதுவுமா எங்க போறீங்க அக்கா இந்தக் கோலத்துல என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான். வழி நெடுக அவளுடைய ஃபோனுக்கு அடித்தேன், அது அணைந்தே கிடந்தது. ஒருவழியாக அவள் வீட்டு நம்பரைத் தேடிப் பிடித்தேன். உம்மா எடுத்தார்.

"மகள் லண்டனுக்குப் போய்ச் சேந்துட்டா. நேத்து வெளிக்கிட்டு பிளேன் ஏறின. உங்களுக்கிட்ட செல்லிட்டுப் போகல்லன்னு அழுதுக்கிட்டே போன புள்ள." கொஞ்சம் நிறுத்தி, "கோவிச்சிக்கொள்ள வாணாம் மகள்" என்றார்.

குரல் நன்றாகத் திடமாக இருந்தது. சுகமில்லாத மனுஷியின் குரல் இல்லை. உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எனக்கென்ன, அல்லாஹ் காவல், நல்லா ஈக்கிறேன் என்றார். ஃபோனை மடியில் வைத்துவிட்டேன். உம்மாவுக்கு ஒரு நாளும் ஒன்றும் இல்லை. கொழும்புக்குப் போனதெல்லாம் இங்கிலீஷ் சோதனைக்கு, விசாவுக்கு. ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பதிலாக வாட்டில் நின்றவள் நான். அவளை விமானம் ஏற்றிவிட்டதே நான்தான். அந்தச் சின்னப் பிள்ளை மேல் கண் வை என்று என்னை அந்தப் பக்கம் திருப்பிவிட்டதும் அவள்தான். கடன் அடைத்தால் தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா? அதனால்தான் அடைக்காமலே போனாள். எண்ணெய் நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது. எரிகிறதா அழுகிறேனா என்று எனக்கே புரியவில்லை. ஓட்டோக்காரன் வண்டியை நிறுத்தி, தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

வாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடுகண்ணாவைப் பிள்ளை அந்தக் குழந்தைக்கு நெபுலைசர் பிடித்துக்கொண்டு தரையில் முழங்காலிட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். பெரிய டொக்டரும் நாங்களுமாக அன்று பொழுது சாயும் வரை நின்றோம். குழந்தை பிழைத்துக்கொண்டது. தீபாவளிப் பலகாரம் என்று நான் அன்று தின்றது அந்தக் குழந்தையின் தாய் கொடுத்த ஒரு மாரி பிஸ்கட்.

அந்த மாதம் முடிவதற்குள் பிள்ளைகள் வாட்டை மூடினார்கள். கட்டில்களைத் தள்ளிக்கொண்டு போகும்போது சக்கரங்கள் போட்ட கிறீச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சிஸ்டர் தைக்கக் கொடுத்து, அவர் போன பிறகு வந்து மாட்டிய முயல் திரையைக் கழற்றி மடித்து என்னிடம் தந்தார்கள். கடுகண்ணாவைப் பிள்ளையைக் கண்டிக்கு மாற்றினார்கள், என்னை வெளிநோயாளர் பகுதியில் போட்டார்கள். மூடின கதவுக்கு முன்னால், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் முகம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்து நின்ற ஒரு தாயை நானே போய்க் கண்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். போனாளா, வழியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டாளா, தெரியாது.

கெலிஓயாக்காரியிடமிருந்து எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நானும் தேடவில்லை. ஆனால் மனதுக்குள் அவளோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். பெரிய டொக்டர் அந்தப் பேச்சைச் சொன்னபோது என் பக்கத்தில்தானே நின்றாய்? உன் சம்பளத்தில் உன் வீட்டுக் கடன் கட்ட முடியவில்லை என்று எனக்குத் தெரியாதா? போகிறேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேனா? இந்தக் கடைசிக் கேள்வி வரும்போது மட்டும் நான் பேச்சை மாற்றிக்கொள்வேன். தடுத்திருப்பேன். அவளுக்கும் அது தெரியும்.

நோன்பு மாதம் வந்து முடியப் போகிற ஒரு நாள். இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பிறை பார்க்க இன்னும் ஒரு நாள் இருந்தது, வெளிநாட்டில் சில வேளை ஒரு நாள் முந்திவிடும். ஃபோன் அடித்தது, நீளமான வெளிநாட்டு நம்பர். ஈரக் கையோடு எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவள்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்த ஏச்செல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது.

"பிறை கண்டாச்சி அக்கா" என்றாள்.

"நீ போ, நான் பாத்துக்கிறேன்."

என் வாயிலிருந்துதான் வந்தது. வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. கையில் இருந்த தட்டு கழுவுதொட்டிக்குள் விழுந்தது. அந்தப் பக்கம் அவள் விம்முவது கேட்டது. அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு மெஷின் விட்டு விட்டுச் சத்தம் போட்டது, அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். வாட்டில் நிற்கிறாள்.

"நாளைக்கி எனக்கி டியூட்டி அக்கா" என்றாள். "இங்க மாத்திக்கொள்ள ஆளில்ல."